தடைக்கால லீக்குகள்: ஆடுகிறவர்களைக் கேட்டு நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று வடக்கேயும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று தீவுப் பக்கமும், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கேயும் இளவட்டங்களும் நடுவயதுக்காரர்களும் சேர்ந்து லீக் ஆடத் தோதான காலம் அது. இந்தக் கடிதம் முக்கியமாக வாலிபால் லீக்குகளைப் பற்றியது. கபடிக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த லீக்குகளில் ஆடுகிறவர்கள் மாணவர்கள் அல்ல. படகுக்குப் போகிறவர், ஐஸ் கம்பெனி ஊழியர், கடைக்காரர், ஆசிரியர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் எல்லாரும் உண்டு. முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவு 35 வயதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியவர் பலருக்கு ஊர் லீக்கை விட்டால் வேறு களம் இல்லை. ஆனால் நாள், நேரம், விதி, நடுவர், பரிசு எல்லாவற்றையும் கமிட்டியில் நாலைந்து பேர் உட்கார்ந்து முடிவுசெய்கிறார்கள். பிடிக்காத ஆட்டக்காரர் சண்டை போடுவதில்லை, அடுத்த வருஷம் வருவதில்லை. அணி குறைந்த பிறகு “ஆர்வம் போய்விட்டது” என்று கமிட்டி சொல்கிறது. ஆர்வம் எங்கும் போகவில்லை. கேட்டிருந்தால் காரணத்தைச் சொல்லியிருப்பார்கள்.

கேட்பதாகச் சொல்லும் இடங்களிலும் கேட்கும் முறை சரியாக இல்லை. பரிசளிப்பு இரவில் மைக்கைப் பிடித்து “குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்” என்பார்கள். அப்போது மைதானத்தில் நிற்பது இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணிகள். மற்றவர்கள் முன்பே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் அப்படித்தான். குழுவின் அட்மினே போட்டியை நடத்துகிறவர். எழுதுகிறவரின் எண் எல்லார் கண்ணிலும் படும். ஒருவர் எழுதினால் நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அந்த ஐந்து பேரும் ஒரே அணியா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில், எதை எப்போது கேட்பது. நடந்ததை ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் கேட்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுப்பதற்கு முன். அபிப்பிராயத்தை இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்க வேண்டும். தோற்ற சூட்டில் நடுவரைப் பற்றிக் கேட்டால் வருவது கோபம். மூன்று நாள் கழித்து “ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது” என்று கேட்டால் வருவது உத்தேசம். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கேட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

ஆட்டம் முடிந்ததும் கொடுக்கும் சீட்டில் மூன்று கேள்வி போதும். அறிவித்த நேரத்துக்கு எத்தனை நிமிடம் தாமதமாகத் தொடங்கியது? தரை, நெட், பந்து, விளக்கு இவற்றில் எதில் கோளாறு? நீங்கள் இன்று எத்தனை செட் ஆடினீர்கள்? மூன்றாவது கேள்வியைப் பலர் தேவையில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் முக்கியம். அணிக்கு 12 பேர் பதிகிறோம், களத்தில் நிற்பது 6 பேர். வாரா வாரம் “0” என்று எழுதுகிறவர்தான் சீசன் முடிவதற்குள் நின்றுவிடப் போகிறவர். கேப்டனைக் கேட்டால் இது வெளியே வராது, ஏனென்றால் அவரை உட்கார வைத்தவரே கேப்டன்தான். இரண்டு ஆட்டம் தொடர்ந்து “0” வந்தால் அந்த அணியின் கேப்டனிடம் கமிட்டி பேச வேண்டும். லீக் சுற்றில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு செட் ஆட வேண்டும் என்று விதி வைப்பது அடுத்த கட்டம்.

செலவு பெரிதாக ஆகாது. 8 அணி, அணிக்கு 12 பேர், அணிக்கு 7 ஆட்டம் என்றால் 672 சீட்டு. ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் 168 தாள், ஒரு ரீமில் மூன்றில் ஒரு பங்கு. கூடவே ஒரு பூட்டுப் போட்ட பெட்டி, கயிறு கட்டிய பேனா நாலு.

கேள்வியை எழுதும்போது ஒரு கேள்விக்குள் இரண்டு விஷயத்தைப் போடக் கூடாது. “மைதானமும் விளக்கும் நன்றாக இருந்தனவா” என்று கேட்டு “இல்லை” என்று பதில் வந்தால், எதைச் சரிசெய்வது? “ஏற்பாடுகள் சிறப்பாக இருந்தனவா” என்று கேட்டால் மரியாதைக்கு “ஆமாம்” என்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால் பாதிப் பேர் மூன்றைச் சுழித்துவிட்டுப் போவார்கள். “சரி, பரவாயில்லை, சரியில்லை, தெரியாது” என்று நாலு கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்வது மேல். “தெரியாது” கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் ஆடிய அணியிடம் விளக்கைப் பற்றிக் கட்டாயப்படுத்திப் பதில் வாங்கிப் பயனில்லை.

பெயர் போடாமல் கேட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்களில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அணிப் பெயர், வயது, ஆடும் இடம் மூன்றையும் கேட்டால் பெயரைக் கேட்டதாகவே அர்த்தம். அணிப் பெயர் மட்டும் போதும், மற்றதெல்லாம் டிக். பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும், அதில் ஒருவர் கமிட்டியில் இல்லாத வேறு ஊர்க்காரர். எழுதத் தயங்குகிறவருக்காக ஒரு போன் எண் கொடுத்து வாய்ஸ் மெசேஜில் சொல்லச் சொல்லலாம். கேட்டு எழுதிக்கொண்டதும் குரல் பதிவை அழித்துவிட வேண்டும், அது பரவினால் அடுத்த முறை ஒருவரும் பேச மாட்டார்கள். இடையில் நின்றுபோனவர்களுக்குக் கமிட்டியே போன் செய்ய வேண்டும். ஒழுங்காக வந்து ஆடுகிறவர் இருபது பேர் சொல்வதைவிட, நின்றுபோன ஐந்து பேர் சொல்வதில் விஷயம் அதிகம்.

எண்ணும் முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒரு கணக்குக்கு, தடைக்காலம் முடிந்த பிறகும் தொடரும் லீக் ஒன்றில் “ஞாயிறு காலை 6 மணிக்கு ஆட்டம் வைக்கலாமா” என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். 64 சீட்டு வருகிறது, 38 பேர் சரி, 26 பேர் வேண்டாம். தெளிவான பெரும்பான்மை போலத் தெரியும். இதை அணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். உத்தியோகக்காரர்களும் கடைக்காரர்களும் நிறைந்த நாலு அணியிலிருந்து 40 சீட்டு, அதில் 33 சரி. படகுக்குப் போகிறவர்கள் நிறைந்த நாலு அணியிலிருந்து 24 சீட்டுதான், அதில் 19 வேண்டாம். எட்டு அணியில் நாலு அணிக்கு அந்த நேரம் ஆகாது என்பதுதான் உண்மையான பதில். படகுக்காரர் அணிகளிலிருந்து சீட்டு குறைவாக வந்ததற்கும் காரணம் உண்டு, சீட்டு கொடுத்த மாலையில் பாதிப் பேர் கடலில் இருந்திருப்பார்கள்.

அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதைப் படகு ஓடும் நாளை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை மீனை இறக்கி, எடை போட்டு, கணக்குப் பார்க்கும் நேரத்தில்தான் கமிட்டி ஆட்டம் வைக்கிறது. விசைப்படகு ஓடாத நாட்களில் நாட்டுப்படகு ஓடும். ஒரே அணியில் இரண்டு வகைத் தொழிலாளிகளும் இருந்தால் எல்லாருக்கும் தோதான நாள் என்று ஒன்று கிடையாது. கீழக்கரை, பெரியபட்டினம் அணிகளுக்கு வெள்ளி மதியம் ஜும்ஆ. தங்கச்சிமடம், பாம்பன் அணிகள் பலவற்றுக்கு ஞாயிறு காலைப் பூசை. ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே வருவதால் போன வருஷத்து அட்டவணையை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது.

இதற்கு வாக்கெடுப்பு தீர்வாகாது. ஒவ்வொரு அணியும் வாரத்தில் இரண்டு மாலைகளை “முடியாது” என்று முன்கூட்டிக் குறித்துக் கொடுக்கட்டும், மீதி ஐந்தில் கமிட்டி குலுக்கிப் போடட்டும். திருவிழா, சந்தனக்கூடு, கொடியேற்றம் வரும் நாட்களையும் பதிவுப் படிவத்திலேயே வாங்கிவிட வேண்டும். தடைக்கால லீக்காக இருந்தால் இறுதி ஆட்டத்தை ஜூன் 8, 9 தேதிக்குள் முடித்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் படகை இறக்குவது, டீசல், ஐஸ், வலை என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். 14ஆம் தேதிக்கு இறுதி ஆட்டம் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எல்லாப் புகாரையும் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது. காயம் படக்கூடிய விஷயத்துக்கு ஒரு குரல் போதும். நம் மைதானங்களைச் சுற்றிச் சீமைக் கருவேலம். அதன் முள் கேன்வாஸ் ஷூவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், உடைந்து தங்கிவிட்டால் சீழ் வைக்கும். கடற்கரை மணலில் உடைந்த சிப்பி. ஒரு சீட்டில் “முள்” என்று வந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன் களத்தையும் அதைச் சுற்றி மூன்று மீட்டரையும் வாரியால் இழுத்துவிட வேண்டும். சவுக்குக் கட்டையை நட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டும் பழக்கம் இன்னொரு ஆபத்து. பந்தைத் துரத்தி ஓடுகிறவர் கயிற்றில் கழுத்தையோ காலையோ கொடுக்கிறார். விதிப்படி கம்பம் கயிறு இல்லாமல் நிற்க வேண்டும், பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூன்றடிக் குழி தோண்டி, கான்கிரீட்டில் ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் கம்பத்தைச் செருகினால் கயிறு தேவையில்லை. இந்த வருஷம் அது முடியாவிட்டால் கயிற்றில் அரை முழத்துக்கு ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வையுங்கள்.

“நெட் தொங்குகிறது” என்பது நம் கடற்கரையில் எங்கும் கேட்கும் புகார். ஆண்களுக்கு நெட் உயரம் நடுவில் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. உப்புக் காற்றில் மேல் கம்பி துருப்பிடித்துப் பிரி பிரியாக விடும், முறுக்கி இறுக்கும் கொக்கி இறுகிப்போய்த் திரும்பாது. முதல் செட்டில் சரியாக இருந்த நெட் மூன்றாவது செட்டில் நடுவில் இறங்கிவிடும், குள்ளமான அணிக்கு அது சாதகம். ஒரு பிவிசி குழாயில் 2.43-க்கும் 2.24-க்கும் நிறம் மாற்றிக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செட்டுக்கு முன்னும் இரண்டு கேப்டன்கள் முன்னிலையில் நடுவிலும் ஓரங்களிலும் அளந்து, ஸ்கோர் ஷீட்டில் குறித்தால் இந்தத் தகராறு தீர்ந்தது. கொக்கிக்கு வாரம் ஒருமுறை கிரீஸ் தடவுங்கள். பந்து கல்லாக இருக்கிறது என்று எழுதினால் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும், சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைதான் அளவு. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது வேலைக்கு ஆகாது, அளவுமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

காற்றைப் பற்றிய புகாரைத் தோற்றவர் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஸ்கோர் ஷீட்டே இருக்கிறது. எந்தப் பக்கம் நின்ற அணி எத்தனை செட்டில் ஜெயித்தது என்று பத்து ஆட்டத்துக்கு எண்ணுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கமே திரும்பத் திரும்ப ஜெயித்திருந்தால் புகார் உண்மை. மணல் வாலிபாலில் 21 புள்ளி செட்டில் 7 புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறுகிறார்கள், காற்றும் வெயிலும் இருவருக்கும் சமமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான். நம் திறந்தவெளி லீக்கிலும் அதை எடுத்துக்கொள்ளலாம். களத்தை வடக்கு தெற்காகப் போட்டால் சாயங்கால வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது. இரவு ஆட்டத்தில் “மேலே போன பந்து தெரியவில்லை” என்று பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர்கள் எழுதினால், விளக்கு நெட்டுக்கு நேராகவோ கடைக்கோட்டுக்குப் பின்னாலோ நிற்கிறது என்று அர்த்தம். பக்கக் கோட்டுக்கு வெளியே தள்ளி, உயர்த்தி, இரு பக்கமும் வையுங்கள்.

நடுவரைப் பற்றிய கேள்வியில் கூடுதல் கவனம் வேண்டும். தோற்ற அணி குறைவாகத்தான் மதிப்பிடும், அது இயல்பு. ஆகவே ஜெயித்தவர் பதிலையும் தோற்றவர் பதிலையும் தனித்தனியாக வையுங்கள். ஜெயித்தவர்களும் “சரியில்லை” என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆட்டமாவது சேராமல் ஒரு நடுவரைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். “நடுவர் எப்படி” என்று பொதுவாகக் கேட்காமல், எந்த வகை முடிவில் சந்தேகம் என்று கேளுங்கள்: கோடு, நெட் டச் (நெட்டில் படுவது), டபுள் டச் (ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடுவது), ரொட்டேஷன் (ஆட்டக்காரர் இடம் மாறும் வரிசை). இங்கேதான் கேட்டதன் பலன் தெரியும். டிக் எல்லாம் கோட்டில் விழுந்தால் பெரும்பாலும் நடுவர் மேல் தப்பு இருக்காது. சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு கடல்காற்றில் ஒரு செட்டுக்குள் பறந்துவிடும். 5 சென்டிமீட்டர் அகல நைலான் பட்டையை ஆணி அடித்து இழுத்துக் கட்டி, கோடு பார்க்க இரண்டு ஆளை நிறுத்தினால் போதும். நெட் டச்சில் விழுந்தால் இரண்டாவது நடுவர் இல்லாத குறை. ரொட்டேஷனில் விழுந்தால் ஸ்கோர் எழுதுகிறவருக்குப் பயிற்சி இல்லை. நடுவர்களையும் அதே போலக் கேட்க வேண்டும். எந்த அணி வாய்ச்சண்டைக்கு வருகிறது, எந்த மைதானத்தில் கூட்டம் கோட்டுக்குள் வந்து நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளியூர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்குவதும், ஒரு ஆட்டம் தோற்றாலே வெளியேறும் நாக் அவுட் முறையும் ஒரே நோயின் இரண்டு பக்கம். பரிசுத் தொகை பெரிதானால் ஆள் இறக்குவார்கள், உள்ளூர்க்காரர் பெஞ்சில் உட்காருவார். தொண்டி அணி ராமேஸ்வரம் வந்து திரும்ப 200 கிலோமீட்டரை ஒட்டிப் பயணம். நாக் அவுட்டில் முக்கால் மணி நேரத்தில் தோற்று வண்டி ஏறுவது யாருக்கும் பிடிக்காது. ஆட்ட முறையைப் பற்றிக் கேட்கும்போது அதற்கு எத்தனை மாலை ஆகும் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். எட்டு அணி எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 28 ஆட்டம். மாலைக்கு மூன்று ஆட்டம் என்றால் பத்து மாலை. நாலு நாலாகப் பிரித்து அரையிறுதி, இறுதி வைத்தால் 15 ஆட்டம், ஐந்து மாலை. “முதல் பரிசைக் குறைத்து ஆட்டத்தைக் கூட்டலாமா”, “வெளியாள் 0, 1, 2 எத்தனை பேர்” என்று எண்ணைப் போட்டுக் கேளுங்கள். சீசன் தொடங்கும் முன் கேளுங்கள், ஆடிக்கொண்டிருக்கும்போது இந்த விதியைத் தொட்டால் யாருக்காகத் தொட்டார்கள் என்ற பேச்சு வரும்.

பெண்கள் அணி இருந்தால் கேட்கிறவரும் பெண்ணாக இருக்கட்டும். உடை மாற்றும் இடம், கழிப்பறை, ஆட்டம் முடியும் நேரம், வீடு திரும்பும் வழியில் விளக்கு ஆகியவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். கமிட்டி ஆண்கள் கேட்டால் “எல்லாம் சரி” என்றுதான் பதில் வரும்.

கேட்ட பிறகு பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த சீட்டு வெறுமையாக வரும். பத்து நாளுக்குள் மைதானத்திலும் குழுவிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: நீங்கள் சொன்னது இது, செய்தது இது, செய்யாதது இது, காரணம் இது. செய்யாததற்கான காரணம் அந்தத் தாளில் மிக அவசியம். பணம் இல்லை என்றால் வரவு செலவையும் பக்கத்தில் ஒட்டுங்கள். பாதுகாப்பு தவிர மற்ற மாற்றங்களை ஒரு சீசனுக்கு மூன்றுக்கு மேல் செய்ய வேண்டாம், எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். பலித்ததா என்று பார்க்க ஸ்கோர் ஷீட்டிலேயே நாலு விஷயம் குறியுங்கள்: முதல் விசில் ஊதிய நேரம், வாக் ஓவர் (எதிரணி வராமல் கிடைத்த வெற்றி), களம் இறங்கியவர் எண்ணிக்கை, முதலுதவி தேவைப்பட்ட காயம். அடுத்த வருஷம் எத்தனை பேர் மீண்டும் பதிகிறார்கள் என்பதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. லீக் நடத்தும் கமிட்டிகள் பதிவுப் படிவத்தோடு “முடியாத மாலைகள்”, வெளியாள் எண்ணிக்கை, ஆட்ட முறை என்ற மூன்று கேள்வியை இப்போதே சேர்த்து அனுப்பினால் ஏப்ரல் 10-க்குள் அட்டவணை போட்டுவிடலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகம், ஸ்கோர் எழுதுவதற்கும் கோடு பார்ப்பதற்கும் தொண்டி, ராமநாதபுரம், சாயல்குடி மூன்று இடத்திலும் ஒரு நாள் பயிற்சி வைத்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். தங்கள் நாளிதழ், போட்டி முடிவுகளோடு எந்த லீக் எத்தனை வாக் ஓவரோடு முடிந்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர் வாலிபால் லீக்குகளை ஒருங்கிணைப்போர் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை